‘சரி பண்ணிட்டேன் அண்ணே!’

இந்த ஒரு வாக்கியத்தை இனி யாராவது என் காதில் போட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. சரி பண்ணிட்டேன் அண்ணே! யாரப்பா உன்னைச் சரி பண்ணச் சொன்னது? கெட்டுக் கிடக்கிறது என்று நான் உன்னிடம் வந்து அழுதேனா?

போன வியாழக்கிழமை சாயங்காலம், திருவாரூரில் வழக்கமாகப் போகும் டயர் கடையில் வண்டியை விட்டேன். பழைய ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல். ரேஸ் ட்ராக்கில் தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போட நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கி வைத்திருக்கிற வண்டி. கேட்ட வேலை ஒன்றே ஒன்று: நாலு வீலுக்கும் பேலன்சிங். சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன். ஒரு டீ, ஒரு மெதுவடை, அவ்வளவு நேரம்தான். திரும்பி வந்தால் வண்டி அலைன்மென்ட் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. “அலைன்மென்ட் கொஞ்சம் அவுட்டா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன் அண்ணே. காசு வேணாம், நம்ம வண்டிதானே.” நம்ம வண்டி! ஏதோ டோவை, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா என்கிற கோணத்தை, தொட்டிருப்பான் என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அது என் புத்திகெட்டதனம், ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளி ராத்திரி கிளம்பி, மயிலாடுதுறை, சிதம்பரம், விழுப்புரம் என்று முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, சனிக்கிழமை காலை சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் நிற்கிறேன். பையன் கை வைத்தது கேம்பரில், அதாவது முன்சக்கரங்களுக்கு நான் வைத்திருந்த உள்சாய்வில். நேர் ரோட்டில் அது போனது தெரியாது. வளைவில்தான் தெரியும். முதல் வேக லேப்பிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டியின் மூக்கு எனக்கென்ன என்று வெளியே போகிறது. போன மாதம் இதே ட்ராக்கில் 2 நிமிடம் 12.4 விநாடி. இப்போது 2 நிமிடம் 14.6. டயர் அதே, பெட்ரோல் அதே, ஓட்டுகிற மடையனும் அதே.

2.2 விநாடிதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ட்ராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். 2 நிமிடம் 12 விநாடியில் சுற்றினால் சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 28 மீட்டர். 2.2 விநாடி என்றால் 60 மீட்டருக்கு மேல். என் ஸ்விஃப்ட் மாதிரி பதினாறு வண்டியை மூக்கும் வாலும் ஒட்ட நிறுத்தலாம். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அந்தப் பையன் என்னைப் பதினாறு வண்டி பின்னால் தள்ளிவிட்டான். அதுவும் இலவசமாக.

லேப் முடிந்து இறங்கி இடது முன் டயரைத் தடவிப் பார்த்தேன். உள் பக்கம் மழமழவென்று அப்படியே இருக்கிறது. வெளி ஓரம் அரம் வைத்துத் தேய்த்த மாதிரி, ரப்பர் துகள் சுருண்டு சுருண்டு விரலில் ஒட்டுகிறது. டயரின் தோள்பட்டையில் சின்னதாக ஒரு முக்கோணக் குறி இருக்குமே, டயர் எவ்வளவு தூரம் மடங்கி ஓடுகிறது என்று பார்க்க நாங்கள் கவனிப்பது, அது பாதி அழிந்தே போயிருந்தது. பக்கத்து வண்டிக்காரர் செல்போனை வீலில் சாய்த்து வைத்து அளந்து சொன்னார்: அரை டிகிரி. நான் வைத்திருந்தது இரண்டரை டிகிரி நெகட்டிவ்! அங்கேயே போல்ட்டைத் தளர்த்திச் சாய்க்கலாம்தான். ஆனால் கேம்பரைத் தொட்டால் டோவும் மாறும், அப்புறம் நூல் கட்டி அளக்க வேண்டும். அதற்குள் எங்கள் முறை முடிந்துவிடும், முடிந்தும்விட்டது.

கேம்பர் என்ன பெரிய கம்பசூத்திரமா? இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கிற பெண்ணைப் பாருங்கள். குடம் ஒரு பக்கம் இழுக்கும் என்று தெரிந்து உடம்பு மறுபக்கம் சாய்ந்தே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும், டயரும் கூடவே சாய்ந்து வெளி ஓரத்தில் நிற்கும். அதற்காக முன்கூட்டியே டயரின் தலையை உள்பக்கம் சாய்த்து வைக்கிறோம். வளைவு வரும்போது பாதம் முழுசாகத் தரையில் பதியும். ஆனால் அலைன்மென்ட் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கம்பெனிக் கணக்கு மட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பைப் பார்த்துவிட்டால் பையனுக்குக் கை அரிக்கிறது.

திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கத்தினேன். “சிவப்பா காட்டிச்சுண்ணே.” “சிவப்பாத்தான்டா இருக்கணும்.” “சிவப்பா இருந்தா எப்படிண்ணே?” முதலாளி உள்ளேயிருந்து வந்து, “தம்பி, டயர் உள்பக்கமா தேஞ்சு போயிடும், உங்க நல்லதுக்குத்தான்” என்கிறார். அவர் சொல்வதில் தப்பே இல்லை, அதுதான் எரிகிறது. நாகப்பட்டினம் ரோட்டில் தினமும் போய் வருகிற வண்டிக்கு அது நூற்றுக்கு நூறு சரி. எனக்கு நல்லது செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

டயர் கடையோடு நிற்கிறதா? பெட்ரோல் பங்க் இருக்கிறதே. குளிர்ந்த டயரில் நான் காற்று 27 பிஎஸ்ஐ வைப்பேன். மூன்று சுற்று ஓடியதும் சூட்டில் அதுவே 34 ஆகிவிடும், எனக்கு வேண்டியது அந்த 34தான். பங்கில் பெட்ரோலுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு புண்ணியவான் நாலு டயரிலும் 35 அடித்து வைத்திருப்பார். “காத்து ரொம்பக் கம்மியா இருந்துச்சு சார்.” 35இல் ஆரம்பித்தால் ட்ராக்கில் 42 வரைக்கும் போகும். டயர் நடுவில் உப்பி, பூரி மேல் நிற்கிற மாதிரி நிற்கும். இப்போதெல்லாம் பெட்ரோல் போடும்போது வண்டியைச் சுற்றிக் காவல் நிற்கிறேன். பார்க்கிறவர்கள் நான் ஏதோ கடத்திக்கொண்டு போகிறேன் என்று நினைப்பார்கள்.

பிரேக் ஆயில் கதை இதைவிட மோசம். முதல் தடவை ட்ராக்குக்குப் போனபோது மூன்றாவது சுற்றில், நேர்பாதை முடிகிற இடத்தில், பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மூட்டையில் கால் வைத்தது போலக் கீழே கீழே போகிறது. அந்த ஒரு நொடியில் எங்கள் குலதெய்வம் முதற்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு டன் வண்டியை முழுசாக நிறுத்தினால் வெளியாகிற சூட்டில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மூன்று லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். வீட்டுக்கே டிகிரி காபி போடலாம். அத்தனை சூட்டையும் டிஸ்க்கும் பேடும் வாங்கி ஆயிலுக்குக் கொடுக்கின்றன. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது.

டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஆனால் இந்த ஆயில் ஈரம் இழுக்கும். வேதாரண்யத்து உப்பை ஐப்பசி அடைமழையில் மூடாமல் வைத்துப் பாருங்கள், அந்தக் கதிதான். ஈரம் ஏறிய டாட் 3 வெறும் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். நம் டெல்டாவின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றியே ஆக வேண்டும். இதைச் சொல்லி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டாட் 5.1 கேட்டால், அலமாரியில் மூடி பாதி திறந்து தூசி படிந்து நின்ற ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். டாட் 3. “எல்லாம் பிரேக் ஆயில்தான் தம்பி.” ஆமாம், எல்லாம் அரிசிதான், ரேஷன் அரிசியில் பிரியாணி போடுங்களேன். இன்னொரு கடையில் 5.1 இல்லை என்று டாட் 5 தரட்டுமா என்றார்கள். அது சிலிக்கான், வேறு ஜாதி, இதோடு சேரவே சேராது. பெயர் வைத்தவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஊரே எனக்குச் சொல்கிற யோசனை ஒன்றுதான்: “டர்போ போடு மச்சான்.” எனக்கும் ஆரம்பத்தில் அந்தப் பைத்தியம் இருந்தது. ஏர் ஃபில்டர், சைலன்சர், ஈசியூ ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) என்று அறுபதாயிரம் ரூபாய் கொட்டினேன். கம்பெனி சொன்ன 87 குதிரைக்கு மேல் ஒன்றிரண்டு கன்றுக்குட்டி சேர்ந்திருக்கும். லேப்பில் 0.8 விநாடிதான் குறைந்தது. அதற்கப்புறம் நல்ல பேட், நல்ல ஆயில், சரியான காற்று, சாய்த்த கேம்பர், எல்லாமாகப் பதினைந்தாயிரத்துக்குள். ஐந்து விநாடிக்குப் பக்கத்தில் குறைந்தது. அறுபதாயிரம் ரூபாய் சைலன்சர் சத்தம் தெருவுக்கே கேட்டது, பதினைந்தாயிரம் ஸ்டாப்வாட்சுக்கு மட்டும் கேட்டது. கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. அதனால் சைலன்சரைக் கழற்றிப் பழையதையே மாட்டினேன். நேரம் கால் விநாடிகூட ஏறவில்லை. தாராளமாகச் சிரிக்கலாம்.

ஆழித்தேர் ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை. 96 அடி உயரம், 300 டன் எடை. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கிறது. ஆனால் வீதி முனையில் அது திரும்புமா, எதிர் வீட்டுத் திண்ணையில் ஏறுமா என்பது யார் கையில்? சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்கிற நாலு பேர் கையில்! சின்ன வயதில் கீழ வீதியில் அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்ததே அவர்களைத்தான். கட்டையைச் செருகுவதும் உருவுவதும் ஒரு தாளக் கட்டோடு நடக்கும். அது போதாதென்று திருச்சி பெல் (BHEL) நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் வேறு தேருக்கு இருக்கிறது. தியாகராஜர் தேருக்கே பிரேக்தான் முக்கியம் என்று புரிந்த ஊரில், என் வண்டிக்கு பிரேக் ஆயில் வாங்கினால், “நரேன் கார்த்திகேயன்னு நெனப்பா?” என்று சிரிக்கிறார்கள்.

வீட்டில் வேறு பஞ்சாயத்து. மாமா ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து கேட்டார். “எத்தன பேரு மாப்ள ஓடுவீங்க?” யாரும் கூட ஓட மாட்டார்கள் மாமா, நான் மட்டும்தான். ஒரு சுற்று டயர் சூடேற்ற, ஒரு சுற்று முழு வேகம், ஒரு சுற்று ஆற வைக்க. கடிகாரத்தோடுதான் போட்டி. “அப்ப ஜெயிச்சா?” நேரம் குறையும். “என்ன குடுப்பாங்க?” ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கொடுக்க வேண்டும். மாமா ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் சுக்குபா என்று இரண்டு கிலோமீட்டர் சொச்சம் ட்ராக், அதை ஒரு நிமிடத்துக்குள் சுற்றுவதற்காக வருஷக்கணக்கில் வண்டியைச் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

ஊர் ரோட்டைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. தை பிறந்தால் ரோட்டில் நெல் காயும், வைக்கோல் வண்டி அசைந்து போகும். நெல்லுக்குப் போகத்தான் எனக்கு. பெயிண்ட் அடிக்காத வேகத்தடைக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது, தாழ்த்திய வண்டியின் வயிற்றில் எத்தனை தழும்பு என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, எல்லாரையும் திட்டியாகிவிட்டது. செல்போனில் பதிவான லேப்பைப் போட்டுப் பார்த்தால், கேம்பர் நன்றாக இருந்த நாளிலேயே நான் மூன்று வளைவுகளில் பதினைந்து மீட்டர் முன்னாலேயே பிரேக்கில் கால் வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பெடல் பஞ்சாய்ப் போன பயம் காலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கண் சொன்னாலும் கால் கேட்பதில்லை. ஊரில் இத்தனை பேர் என் வண்டியைச் சரி பண்ணுகிறீர்களே, யாராவது இந்தக் காலைச் சரி பண்ணித் தொலையுங்களேன்.

நேற்றுக் காலையில் மறுபடி அதே கடை. டீ குடிக்கப் போகவில்லை. பையன் பக்கத்திலேயே நின்று, இரண்டு பக்கமும் இரண்டரை டிகிரி வைத்து, திரை பூராவும் சிவப்பாக எரிகிறதா என்று பார்த்து, டோவைப் பூஜ்யத்தில் நிறுத்தி, கேம்பர் போல்ட்டின் தலையில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். கோடு நகர்ந்தால் எவனோ தொட்டிருக்கிறான் என்று அர்த்தம். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ‘தொடாதே’ என்றும் எழுதினேன். இரண்டு பக்கமும்.

மத்தியானம் மாமா ஒரு கல்யாணத்துக்குப் போக வண்டியை வாங்கிக்கொண்டு போனார். நாலு மணிக்கு போன் வந்தது.

“மாப்ள, சக்கரத்துக்கு உள்ள எவனோ பெயிண்ட்ல கிறுக்கி வச்சிருக்கான். வாட்டர் சர்வீஸ் பையன்கிட்ட சொல்லி பெட்ரோல் போட்டு சுத்தமா தொடைச்சாச்சு. ஏதோ போல்ட்டு வேற கோணலா இருக்குன்னான். அதையும் சரி பண்ணச் சொல்லிட்டேன்.”