அந்தக் குரூப்பைத் திறந்து விடுங்கள்

வியாழக்கிழமை மதியம் எங்கள் குடியிருப்பில் நடந்தது இதைப் படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று நாளாக வேறு பேச்சே இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், மனசு ஆறவில்லை.

'முதியோர் நலன் கருதி இனி இந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும்.' எங்கள் முதியோர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அலுவலகத்திடமிருந்து இவ்வளவுதான் வந்தது. எனக்கு 72 வயது. என் நலனுக்காக என் வாயை அடைப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அலுவலகத்திலிருந்து என் வீட்டுக்கு இருபது படிகூட ஏற வேண்டாம்.

காரணம் என்ன? டி பிளாக் அம்மா ஒரு ஃபார்வர்ட் போட்டார். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்று. வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகன் அதைப் பார்த்துவிட்டு, 'என்ன இது, நாள் முழுக்க ஜோக்கும் பொய் மருத்துவமும், இதற்கா மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுகிறோம்' என்று அலுவலகத்துக்கு எழுதினார். மறுநாளே பூட்டு.

அந்த ஃபார்வர்ட் தப்புதான். தப்பு என்று முதலில் சொன்னவளே நான்தான். வாலாஜாவிலும் குடியாத்தத்திலும் அரசு மருத்துவமனைகளில் 34 வருஷம் நர்ஸாக இருந்தவள். பத்து நிமிஷத்தில் குரூப்பிலேயே எழுதினேன்: 'யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியே வந்துவிடும். யாராவது ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.' சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதாவது இந்த ஃபார்வர்ட் வருவதற்கு முன்பே, யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த வெளிநாட்டு மகனுக்கும் தெரியாது.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான். பொய் வைத்தியம் எங்களுக்கு எந்த வழியிலும் வந்து சேரும். குரூப்பில் வந்தால் நாலு பேர் கண்ணில் பட்டு அங்கேயே அடிபட்டுப்போகும். குரூப்பை மூடினால் தனியாக ரூமுக்குள் உட்கார்ந்து பார்த்து, தனியாக நம்பி, தனியாக மாத்திரையைக் குப்பைத்தொட்டியில் போடுவார்கள். எது ஆபத்து?

'சரி, மருத்துவம் பேசலாம், ஜோக் எதற்கு?' என்று கேட்கிறார்கள். ரயில்வே சாரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜோலார்பேட்டையில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், பி பிளாக். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். 'வண்டி கிளம்புது, எல்லாரும் ஏறியாச்சா?' என்று ஆரம்பித்து ஒரு ஜோக். வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று, அதை எடுத்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்: 'சத்துவாச்சாரியில் இருந்த சாமி 1981இல் கோட்டைக்குள் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே வந்தது. இன்னும் ராஜா போஸ்ட் மட்டும்தான் காலி. வயது வரம்பு என்னவென்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.' அன்றைக்கு நாள் முழுக்க அவரவர் பயோடேட்டா போட்டுக்கொண்டிருந்தோம். 86 வயது பாட்டி ஒருவர், தனக்கு யானை ஏறத் தெரியும் என்று எழுதினார்.

போன ஐப்பசியில் ஒருநாள் ஆறு பத்துக்கு அவர் வாய்ஸ் வந்தது. 'வண்டி' என்ற சொல் வாய்க்குள்ளேயே உருண்டது. 'கிளம்புது' வரவே இல்லை. நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி சத்தம். மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டேன். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கதவைத் திறந்துவிட்டார், இடது கையால். சிரிக்கச் சொன்னேன். வாய் ஒரு பக்கம் இழுத்தது. கையைத் தூக்கச் சொன்னேன். வலது கை பாதியில் இறங்கிவிட்டது. உடனே 108.

பக்கவாதத்தில் டாக்டர்கள் முதலில் கேட்பது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான். ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் அதையும் போடுவார்கள். அதற்கும் குரூப்தான் உதவியது. ஆம்புலன்ஸில் இருந்தபடியே கேட்டேன்: 'இன்று காலை ரயில்வே சாரிடம் யார் பேசினீர்கள்?' பால் போடும் பையனைக் கேட்டு ஒருவர் எழுதினார்: ஐந்தரைக்கு நன்றாகப் பேசினார், சில்லறைகூட எண்ணிக் கொடுத்தார். நேரத்துக்கு ஊசி போட்டார்கள். இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார். ஜோக் சொல்கிறார். சொல்லிக்கொண்டிருந்தார், வியாழக்கிழமை வரைக்கும்.

அந்த ஜோக் குப்பை என்றால், நான் 34 வருஷம் பார்த்த வேலையும் குப்பை.

மற்ற மெசேஜ்களும் அப்படித்தான். மும்பை போலீஸ் என்று சொல்லி ஒருவன் சி பிளாக் சாரை வீடியோ காலில் பிடித்துவைத்து, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, கேமராவை விட்டு நகரக்கூடாது என்று மிரட்டினான். அவர் மேஜைக்கடியில் இன்னொரு போனை வைத்துக் குரூப்பில் மூன்றே சொல் தட்டினார்: 'போலீஸ் வீடியோ பயம்'. ஐந்து நிமிஷத்தில் அவர் வாசலில் ஆறு பேர். அழைப்பைக் கட் செய்ய வைத்தோம், சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டோம், ஒரு ரூபாய் போகவில்லை. நிர்வாகிகள் மட்டும் எழுதும் குரூப்பில் அவர் எங்கே தட்டியிருப்பார்?

ஒரு நாளைக்கு எண்பது மெசேஜ் வருகிறது, தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு அதில் அடிபட்டுப்போகிறது என்கிறார்கள். நியாயம். அறிவிப்புக்குத் தனிக் குரூப் வையுங்கள், முடிந்தது. குட்மார்னிங் படங்கள் போனை அடைக்கின்றன என்றால், தானாக இறங்காமல் நிறுத்திவைக்க நான் எல்லாருக்கும் காட்டித் தருகிறேன். அரசியல் சண்டை ஒரே ஒரு தடவை வந்தது. இரண்டு பேரும் அன்று மாலையே சேர்ந்து வாக்கிங் போனார்கள்.

அம்மாவின் போன் எந்நேரமும் சத்தம் போடுகிறது என்று அந்த மகன் எழுதியிருந்தாராம். தம்பி, உங்கள் அம்மாவின் போன் வேறு எதற்குச் சத்தம் போடுகிறது என்று கேட்டீர்களா? நீங்களும் எங்கள் குரூப்பில் இரண்டு வருஷமாக இருந்தீர்கள். உங்கள் அம்மா பிறந்தநாளுக்கு நாற்பது பேர் வாழ்த்து போட்டோம். அன்றைக்கும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. முதல் தடவை வாயைத் திறந்தது எங்களைப் பற்றிப் புகார் சொல்ல.

இப்படி எழுதுவது சரியில்லையோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என் மகனும் என்னை மியூட்டில்தான் வைத்திருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது அவன் போனில் பார்த்தேன், என் பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்ட ஸ்பீக்கர். அம்மா, ஆபீஸில் மீட்டிங் இருக்கும்மா என்றான். சரிப்பா என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு, வீட்டில் டிவியை அணைத்தால் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்கும். இங்கே வந்த முதல் வாரத்தில் ரயில்வே சார், 'புது பாசஞ்சர் சிஸ்டர் ஏறியாச்சா?' என்று கேட்டார். ஏறிட்டேன் சார் என்று எழுதினேன். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எங்களைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். நாங்கள் குழந்தைகள் இல்லை. மாவட்டம் முழுக்கத் தடுப்பூசி போட்டவர்கள், ரயில் ஓட்டியவர்கள், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர்கள். 60 தாண்டிய ஆண்களுக்கும் 58 தாண்டிய பெண்களுக்கும் இருந்த ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கேட்க ஆள் இல்லை. இப்போது பேச்சையும் நிறுத்துகிறீர்கள். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வருகிறேன். குரூப்பைத் திறந்து விடுங்கள்.

அதுவரை, வியாழக்கிழமை நான் போட முடியாமல் போனதை இங்கே போடுகிறேன். கத்திரி வெயில். வயதானால் தாக உணர்வு குறைந்துவிடும், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலை பதினொன்று முதல் மூன்றரை வரை வெளியே வேண்டாம். யூரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், இதயம், கிட்னி கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாதியைக் கொட்டிக் கலக்காதீர்கள். திடீரென்று குழப்பமாகப் பேசினால் தூக்கக் கலக்கம் என்று விடாதீர்கள், என்னை எழுப்புங்கள், ஏ பிளாக் முதல் மாடி.

ரயில்வே சார் வாய்ஸ் வரவில்லையே என்று இன்று காலை ஏழு பேர் கேட்டீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறார். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.