ரோமர் 13க்குப் பிறகும் வேதாகமத்தில் பக்கங்கள் இருக்கின்றன

ஜெப வீட்டைப் பூட்டச் சொல்லி ஒரு கூட்டம் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? இலங்கையின் மலையகத்தில் நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம், ரோமர் 13. அதிகாரத்துக்குக் கீழ்ப்படி, பொறுத்துக்கொள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

ரோமர் 13ஐ எழுதிய பவுல் பிலிப்பி பட்டணத்தில் என்ன செய்தார் என்பதையும் அதே ஞாயிறு வாசித்தால் என்ன? அப்போஸ்தலர் 16ஐ எடுத்துப் பாருங்கள். அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டிவைத்துவிட்டு, விடிந்ததும் "விட்டுவிடு, போகட்டும்" என்று அதிகாரிகள் ஆளனுப்புகிறார்கள். நாமாக இருந்தால் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்போம். பவுல் அசையவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் ஊருக்கு முன்னால் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். வந்தார்கள், கெஞ்சினார்கள். எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டியபோதும் அவர் குடியுரிமையைச் சொன்னார். செசரியாவில், என் வழக்கை ரோமப் பேரரசனே விசாரிக்கட்டும் என்று இராயனுக்கு அபயமிட்டார். பாடுகளுக்குப் பயந்த மனிதர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

தேயிலைத் தோட்டங்களில் உழைத்த எங்கள் தாத்தாமாருக்கு, 'நான் குடிமகன்' என்று பவுலைப் போலச் சொல்ல வழியே இருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று அவர்களைக் கேட்காமலேயே பிரித்தது. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. காலையில் ஆளெண்ணும் பிரட்டுக்களத்தில் தோட்டத்து நிர்வாகியான துரைக்கு முன்னால் குனிந்து பழகிய முதுகு, ஆலயத்துக்குள்ளும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்தோம். 1854இல் தோட்டத் தமிழருக்கென்று ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கியபோது அதற்குக் கைகொடுத்தவர்களில் துரைமாரும் இருந்தார்கள். அடங்கி வேலை செய்யும் விசுவாசி துரைக்கும் வசதிதானே. (போதகர்களான நம் ஐயர்மார் சிலருக்கு இது கோபம் வரும். வரட்டும்.)

இன்று நிலைமை வேறு. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, உண்மை. ஆனால் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் தரும் மத உரிமைகளை எல்லா மதத்தாருக்கும் காப்பதாக அதே உறுப்புரைதான் சொல்கிறது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது, அதன் முக்கிய பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. அது சட்டமாகவில்லை. 2008இல் புதிய வழிபாட்டிடங்களுக்கு முன்அனுமதி கேட்டு மத விவகார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. "பதிவு இருக்கா?" என்று சின்னச் சபைகளை மிரட்ட இன்றுவரை கைகொடுப்பது அதுதான். ஆனால் சுற்றறிக்கை என்பது பாராளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. வழிபாட்டைக் குழப்புவதுதான் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். பிரச்சினை வேண்டாம், கூட்டத்தை நிறுத்துங்கள் என்று பொலிஸ் சொன்னால், நிறுத்த வேண்டியது யாரை என்று மரியாதையாகக் கேட்கலாம். முறைப்பாட்டைப் பதியச் சொல்லி இலக்கத்தை வாங்கிக்கொள்ளலாம். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். ஜெபித்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்பவர்கள் இந்த ஒரு மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகக் கையை ஓங்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேதுரு யூதரின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்று, மனிதரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்றார். அடி வாங்கினார். திருப்பி அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து பேசுவதை நிறுத்தவுமில்லை. எனக்குத் தெரிந்த கீழ்ப்படிதல் இதுதான்.

அதே பேதுருதான் தன் நிருபத்தில் நமக்கு இன்னொரு குட்டும் வைக்கிறார். கொலைகாரனாக, திருடனாகப் பாடுபடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்தவன் காரியத்தில் தலையிடுகிறவனையும் அந்த வரிசையிலேயே சேர்க்கிறார். இரவு பத்து மணிக்கு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்து, மாரியம்மனைப் பிசாசு என்று கத்திவிட்டு, கல் விழுந்ததும் உபத்திரவம் என்று சாட்சி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உபத்திரவம் இல்லை, வாங்கிக் கட்டிக்கொண்டது. தோட்டத்துக் கோயிலுக்கான சந்தாவை நம் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம் என்றால், எழுத்தில் கொடுத்து நிறுத்தலாம். அதற்காகப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் (லயத்து அறையில்) சாவு விழுந்தால் போகாமலிருப்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

நசுக்குகிறவன் எப்போதும் வேறு மதத்துக்காரன் என்ற எண்ணமும் சரித்திரத்துக்கு ஒத்துவராது. 1687இல் கத்தோலிக்கக் குருவான ஜோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இங்கே வந்தது, கத்தோலிக்கரை ஒடுக்கிய டச்சுக்காரரின் கண்ணில் படாமலிருக்கத்தான். அவர்களும் கிறிஸ்தவர்கள். ரோமர் 13 மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால் கோவாவிலேயே இருந்திருப்பார். கண்டியில் ஒற்றன் என்று சிறைவைத்ததும் பிறகு பாதுகாப்புக் கொடுத்ததும் ஒரே பௌத்த அரசன், இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது வாஸ் அடிகளார் நோயாளிகளின் பக்கத்தில் இருந்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மன்னித்தவன் கணக்குக் கேட்கக் கூடாது என்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழிவாங்க வேண்டாம் என்று சொன்ன அதே திருச்சபை நீதிமன்றத்துக்கும் போனது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அந்த மனுக்களைப் போட்டவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்களா?

ஒரு மறுப்பு மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. கொழும்பில் இருக்கிறவன் வழக்குப் போடலாம், லயத்தில் இருக்கிறவள் எப்படிப் போடுவாள்? அவள் ஜெபம் நடத்தும் காம்பரா அவளுடையதில்லை, தோட்டத்துடையது. காணி உறுதி கிடையாது. ஒரு முறைப்பாட்டோடு மகனுடைய வேலை போகலாம், தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நிற்கலாம். அவளைத் தைரியமாக இரு என்று மேடையிலிருந்து சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்தச் சுமை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கல்லால் கட்டிய பழைய ஆலயங்களில் உட்கார்ந்திருக்கும் நம்முடையது. அவர்கள் பெந்தெகொஸ்தே, நாங்கள் மெதடிஸ்ட், நாங்கள் ஆங்கிலிக்கன் என்று விலகி நிற்காமல், அவள் பொலிசுக்குப் போகும் நாளில் நம்மில் நான்கு பேர் கூடப் போய் சாட்சியாகப் பெயர் கொடுக்கலாம். சட்டத்தரணி செலவைச் சபைக் காணிக்கையிலிருந்து எடுக்கலாம். உங்கள் சபைக் கமிட்டி அடுத்த முறை கூடும்போது இதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.