கடைசி பெஞ்சில் உட்காரும் குடும்பம்

பல வருடம் கோயில் பக்கம் வராத குடும்பம் ஒரு ஞாயிறு பூசைக்கு வந்தால், மலேசியத் தோட்டப் பட்டணத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் கிடைக்கும் வரவேற்பு தெரிந்ததுதான். வாசலிலேயே "எங்க, ஆளையே காணோம்?" என்று ஒரு குத்தல். பூசை முடிந்ததும் காப்பியும் மீகூனும் (அரிசி நூடுல்ஸ்). மூன்றாம் வாரம் அந்த பெஞ்சு காலி. விசுவாசம் குறைந்துபோச்சு என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். எல்லாரும் நன்மை (நற்கருணை) வாங்கப் போகும்போது அவர்கள் மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை யாராவது கவனித்தோமா?

பெரும்பாலும் கல்யாணச் சிக்கல்தான். ஜே.பி.என் என்ற தேசியப் பதிவுத் துறையில் பதிவு, மாரியம்மன் கோயிலில் தாலி, அதோடு சரி. சட்டப்படி கணவன் மனைவி. ஆனால் கத்தோலிக்கருக்கு, ஆயர் விதிவிலக்குத் தராதவரை, குரு அல்லது திருத்தொண்டர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாக்குக் கொடுத்தால்தான் திருச்சபையில் கல்யாணம் செல்லும். அதுவரை நன்மை வாங்க முடியாது. இதைச் சரிசெய்ய ஆடம்பரம் வேண்டாம். மண்டபம், கேக் எதுவும் வேண்டாம். துணைவர் இந்துவாக இருந்தால் ஆயரின் அனுமதி வேண்டும். அவர் மதம் மாறத் தேவையில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கர் மட்டுமே. மற்றவருக்கு அது தெரிந்திருந்தால் போதும். இந்த ஒன்றைச் சரியாகச் சொல்லாததால் எத்தனை மாமியார் வீட்டில் சண்டை!

துணைவர் பீடத்தின் முன் நிற்கவே மாட்டார் என்றாலும் வழி உண்டு. இருவரும் சேர்ந்து வாழும் சம்மதம் உறுதியாக இருந்தால், மறுபடி வாக்கு வாங்காமலே அந்தக் கல்யாணத்தை ஆயர் செல்லுபடியாக்கலாம். முந்தைய கல்யாணம் ஒன்று இருந்தால்தான் கதை நீளும். அது பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். விவாகரத்தாகி மறுமணம் செய்யாமல் இருப்பவர், அந்தக் காரணத்துக்காக நன்மையை விடவேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்கலாம்.

வேலை முடங்குவது ஞானஸ்நான சான்றிதழில். பழைய நகல் உதவாது; கல்யாணம் நடந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பார்கள் என்பதால் புது நகல் கேட்பார்கள், பொதுவாக 6 மாதத்துக்குள் எடுத்தது. தோட்டத்தை விற்று, சிற்றாலயத்தையும் இடித்தாச்சே என்று கைவிடாதீர்கள். பதிவு பெரும்பாலும் அந்தச் சிற்றாலயம் சேர்ந்திருந்த தாய்ப்பங்கில் இருக்கும். தேடும்போது ஐ.சி (அடையாள அட்டை) பெயரை மட்டும் கொடுத்தால் கிடைக்காது. ஐ.சி-யில் முனியாண்டி, பதிவேட்டில் சவரிமுத்து என்றிருக்கும். அப்பா அம்மா பெயர், ஞானத் தாய் தகப்பன் பெயர், உத்தேச வருடம், தோட்டத்தின் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். பதிவே இல்லையென்றாலும், நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். உபதேசியாரோ பெரியம்மாவோ உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

காகிதம் முடியும்வரை பூசைக்கு வரத் தடையில்லை. கைகளை மார்பில் குறுக்காக வைத்து வரிசையில் வந்து ஆசீர் வாங்கலாம். ஞாயிறு ஷிஃப்ட் உள்ளவர்களுக்குச் சனி மாலைப் பூசையே முழு ஞாயிறு பூசை. அது அரைப் பூசை இல்லை. 2020 மார்ச் கோவிட் அடைப்பில் பழகிய, போனில் பார்க்கும் பூசை நோயாளிக்கு ஆறுதல், நடமாட முடிந்தவருக்கு ஈடாகாது.

பிள்ளைக்கு 12 வயது, புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கவில்லை என்றால் 8 வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைக்காதீர்கள். வெட்கத்திலேயே நின்றுவிடும். தனியாக ஒரு ஆசிரியர் போதும்.

பங்கு அலுவலகம் வேலை நாளில் மட்டும் திறந்திருந்தால், தொழிற்சாலைக்காரர் ஒரு படிவத்துக்கு அரைநாள் சம்பளத்தை இழக்கவேண்டும். பூசை முடிந்து மீகூன் பரிமாறும் அந்த ஒரு மணி நேரம் அலுவலகக் கதவையும் திறந்துவையுங்கள்.