கம்மல் கிடைச்சிருச்சாம்

வீட்டு வேலை செய்யற அம்மா திருடிட்டாங்கன்னு அபார்ட்மெண்ட் குரூப்ல பழி போட்டாங்களே, அந்தக் கம்மல் வாஷிங் மெஷின் கதவோட ரப்பர் மடிப்புக்குள்ள இருந்துச்சாம். குரூப்ல ஒரு கும்பிடு எமோஜி போட்டாச்சு, முடிஞ்சது. அந்தம்மா பேரையும் சாதியையும் போட்டு "இவங்க ஆளுங்களே இப்படித்தான்"னு எழுதினப்போ மட்டும் பத்தி பத்தியா எழுத வந்துச்சு.

"தப்பு பண்ணலேன்னா ஏன் பயப்படணும்?"னு கேட்ட புண்ணியவான்களே, அந்தம்மா பயந்தும் ஒத்துக்கல. அதுதான் விஷயம். "ஒத்துக்கிட்டு எழுதிக் கொடு, சம்பளத்துல பிடிச்சுக்கறோம், போலீஸ் வேண்டாம்"னு பேசினதைக் கருணைன்னு நினைக்கறீங்களா? அது பொறி. போலீஸ்கிட்ட கொடுக்கற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது. ஆனா வீட்டு ஓனருக்கோ அபார்ட்மெண்ட் செக்ரட்டரிக்கோ எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அந்தத் தடை கிடையாது. அதைச் சாட்சியமா வைக்கலாம். வேலைக்காரர் திருட்டுன்னா பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 306வது பிரிவு, 7 வருஷம் வரைக்கும் தண்டனை. அதனால, செய்யாததை எழுதிக் கொடுக்காதீங்க. பாதிப் பணம் கட்டறேன்னும் சொல்லாதீங்க.

வீட்டு வேலைக்குப் போறவங்க தெரிஞ்சவங்களா இருந்தா இதையும் சொல்லுங்க. பயத்துல "அந்த ரூமுக்கே போகல"ன்னு சொல்லிடறாங்க. தினம் கூட்டற ரூம். அந்த ஒரு பொய் போதும், மத்த உண்மையெல்லாம் பொய்யாயிடும். கூட்டினேன், டேபிள் துடைச்சேன், கம்மலைப் பார்த்தேன், எடுக்கலன்னா அப்படியே சொல்லணும். கேட் என்ட்ரி நேரத்தை உடனே போட்டோ எடுத்துக்கணும். சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும். எடுத்து வைக்கச் சொல்லி அன்னிக்கே எழுத்துல கேட்கணும். உடம்பைத் தடவிச் சோதனை போட ஓனருக்கு அதிகாரமே கிடையாது. விசாரணைக்குன்னு ஒரு பெண்ணை அவங்க விருப்பம் இல்லாம ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, வீட்ல வச்சுத்தான் கேட்கணும் (பி.என்.எஸ்.எஸ்.ங்கற குற்ற நடைமுறைச் சட்டம், 179வது பிரிவு). விசாரணையில போலீஸ் எழுதிக்கற வாக்குமூலத்துல கையெழுத்தும் வாங்கக் கூடாது. இலவச சட்ட உதவிக்கு 15100.

"அப்போ திருடறவங்களே இல்லையா?"ன்னு ஒருத்தர் வருவார். இருக்காங்க சார். புகார் கொடுங்க, யார் வேண்டாம்னா? புகார்ல பொருள், நேரம், கடைசியா பார்த்த இடம் எழுதுவாங்க. சாதி எழுத மாட்டாங்க.

"நீங்க ஒரு பக்கமாவே பேசறீங்க." ஆமா.

1871ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான், 1911ல சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். பிறந்த சாதியை வச்சே திருடன்னு பதிஞ்சு, கைரேகை வாங்கி, ராத்திரி ஸ்டேஷன்ல வந்து படுன்னான். 1952ல நாடு முழுக்க எடுத்தாச்சு. உங்க அபார்ட்மெண்ட் குரூப்ல மட்டும் இன்னும் அமல்ல இருக்கு போல. படிச்சவங்க, பெரிய கம்பெனி ஐடி கார்டு மாட்டினவங்க. அதுல ஒருத்தருக்காவது "மெஷின்ல தேடிப் பார்த்தீங்களா"ன்னு கேட்கத் தோணல.

கேட்ல யாரை உள்ள விடறதுன்னு பார்க்கற ஆப்ல அந்தம்மா பேரை இன்னும் தடுத்துத்தான் வச்சிருக்காங்க. அதே அபார்ட்மெண்ட்ல பார்த்த மத்த வீட்டு வேலையும் அதோட போச்சு. அந்தச் சம்பளத்தை யார் தர்றது, செக்ரட்டரி சார்?