ஐகனில் ‘இலவசம்’ என்று எழுதலாமா?

கல்லடித் தம்பி ஒருவர் தான் செய்த புதிர் விளையாட்டின் ஐகனை (ஆப் கடையில் விளையாட்டின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் சிறு சதுரப் படம்) இங்கே காட்டிக் கருத்துக் கேட்டிருக்கிறார். மேலே ஒருவர், அந்த ஐகனில் ‘நம்பர் 1’, ‘இலவசம்’ என்று பெரிதாக எழுதினால் டவுன்லோட் கூடும் என்று சொல்லியிருக்கிறார். தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப் கடையான கூகுள் பிளே 2021இலேயே தரவரிசை, விலை, சலுகை பற்றிய சொற்களை ஐகனிலும் தலைப்பிலும் போடக்கூடாது என்று விதி அறிவித்துவிட்டது, மீறினால் விளையாட்டே கடையில் ஏறாமல் போகலாம்.

ஐகனின் மூலைகளை நீங்களே வளைத்து அனுப்புங்கள் என்று அவர் சொன்னதும் பிழை. 512க்கு 512 பிக்சலில் முழுச் சதுரமாகக் கொடுங்கள், வளைவையும் நிழலையும் பிளேயே போட்டுக்கொள்ளும்.

சரி, அப்போ ஐகனில் என்ன வைப்பது? இப்போதுள்ள படத்தில் பாலம், வாவி, தோணி, மீன், விளையாட்டின் பெயர் எல்லாம் இருக்கிறது. பாலம் எனக்கும் பிடிக்கும், ஆனால் தேடல் பட்டியலில் ஐகன் விரல்நகம் அளவுக்குத்தான் தெரியும், அதில் பாலம் வெறும் கோடாகிவிடும், பெயரை யாராலும் வாசிக்க முடியாது (பெயர் எப்படியும் பக்கத்திலேயே எழுத்தில் வரும்). அந்த மஞ்சள் மீனின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, கடும் நீலப் பின்னணியில் வையுங்கள். பாலத்தையும் வாவியையும் விளையாட்டின் கடைப் பக்கத்துக்குக் கொடுக்கும், 1024க்கு 500 பிக்சல் அளவுள்ள அகலப் படத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே அழகாக இருக்கும், ஆனால் டிரெய்லர் வீடியோ சேர்த்தால் அந்தப் படத்தின் நடுவில் வீடியோவை ஓட்டும் பட்டன் வந்து உட்காரும், அந்த இடத்தில் மீனின் முகம் வராமல் பாருங்கள்.

முதல் ஸ்கிரீன்ஷாட் மெனுவாக இருக்கவேண்டாம், கட்டங்கள் பாதி நிரம்பிய ஆட்டமாக இருக்கட்டும். இரண்டு ஐகன்களில் எது எடுபடும் என்று சந்தேகமென்றால் பிளே கன்சோலிலேயே (ஆப் செய்பவர்களுக்கான கூகுள் பிளேயின் தளம்) இலவசமாக ஒப்பிட்டுச் சோதிக்கலாம்.