வலி வரும் தேதியை முன்கூட்டியே தெரிவிக்கவும்

காலையில் போய் உட்கார்ந்தால் மேஜையில் ஒரு படிவம். ஜெராக்ஸ். அதுவும் கோணலாக எடுத்து ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்த ஜெராக்ஸ். 'மாதாந்திர உடல் அசௌகரிய விடுப்பு விண்ணப்பம்' என்று தலைப்பு. மாதவிடாய் என்று போட்டால் மெஷினுக்குத் தீட்டு ஒட்டிக்கொள்ளும் போல. கீழே கட்டம் கட்டமாக: எதிர்பார்க்கப்படும் தேதி. முடியும் தேதி. வலியின் தன்மை லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா, ஏதேனும் ஒன்றை டிக் செய்யவும். கடைசிக் கட்டத்தில் சூப்பர்வைசர் கையொப்பம்.

நம்ம சூப்பர்வைசர்! சட்டைப் பையில் ரெண்டு பேனா, காதில் ஒரு பேனா வைத்துக்கொண்டு குடோனைச் சுற்றி வருகிற அதே மனிதர். அவர் என் அடிவயிற்றுக்குக் கையெழுத்துப் போட்டு அட்டெஸ்ட் செய்வாராம். எதைப் பார்த்து? முகத்தைப் பார்த்தா? நான் எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு மாதிரி படம் ஒட்டியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

இந்தப் படிவம் பிறந்த கதையைச் சொல்கிறேன், ரத்தம் கொதிக்காமல் கேளுங்கள். எனக்கு ஏற்கனவே கொதித்துவிட்டது.

கர்நாடகாவில் 2025 அக்டோபரில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது இல்லையா, மாதவிடாய் விடுப்பு மாதம் ஒரு நாள், வருஷத்துக்கு 12 நாள், சம்பளத்தோடு, தனியார் கம்பெனிகளுக்கும் சேர்த்து. அந்தச் செய்தியை எங்கள் கூடலூர் அக்கா போனில் பார்த்துவிட்டார். ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவர். விடிவதற்குள் சோறு வடித்து, டப்பா கட்டி, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்கு வருகிறவர். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் நாள் வயிற்றோடு நின்றுகொண்டு வந்து பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வளைவிலும் குடல் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். அக்கா நேராக மேனேஜரிடம் போய், "சார், நமக்கும் இந்த மாதிரி குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "பின்னெ நோக்காம்" என்றார், அப்புறம் பார்க்கலாம் என்று மலையாளத்தில். இந்த ஊரில் அந்தப் பதில் கிடைத்தால் கோரிக்கைக்குப் பால் ஊற்றியாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அக்கா விடுகிற ஆள் இல்லை. சம்பள நாளன்றெல்லாம் கேட்டார். கடைசியில் கூட்டம் போட்டார்கள்.

ஐயோ, அந்தக் கூட்டம்.

மேல் மாடி. ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைக்கிற அறை. மேனேஜர், சூப்பர்வைசர், கணக்குப் பார்க்கும் பெரியவர், எதற்கு வந்தார் என்று எனக்கு இதுவரை விளங்காத லாரி டிரான்ஸ்போர்ட்காரர், இன்னும் இரண்டு ஆண்கள். பெண்கள் என்று பார்த்தால் அக்கவுண்ட்ஸ் சேச்சியும் நானும். நான்கூட கருத்துச் சொல்ல இல்லை, மினிட்ஸ் எழுத. விஷயத்தைக் கிளப்பிய கூடலூர் அக்காவைக் கூப்பிடவே இல்லை. அவர் கீழே காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மேலே டீயும் பழம்பொரியும் வந்தது.

முதல் கேள்வியைச் சூப்பர்வைசர் கேட்டார். "நிஜமாவே வலிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அறை முழுக்கத் தலையாட்டியது. பெரிய தத்துவக் கேள்வி அல்லவா. இதே மனிதர் போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லி லீவு போட்டார். அவர் முதுகை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. வலி என்றார், நம்பினோம், ஒருத்தர் அயோடெக்ஸ்கூட வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து கணக்குப் பெரியவர். "ஒண்ணாந்தேதியே எல்லாரும் அவங்கவங்க தேதியை குரூப்பில் போட்டுட்டா பிளான் பண்ண வசதியா இருக்கும்." குரூப்பில்! குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கும் லாரி நம்பருக்கும் நடுவில் என் தேதி. கல்யாண வீட்டுக்கு நாள் குறிப்பது மாதிரி சொல்கிறார். தைராய்டு, பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டி என்று பாதிப் பெண்கள் மாத்திரை விழுங்கிக்கொண்டு, எப்போது வரும் என்று தெரியாமல் பையிலேயே நாப்கின் வைத்துக்கொண்டு அலைகிறோம். எங்களுக்கே சொல்லாமல் வருவது இவர் பிளானுக்குச் சொல்லிவிட்டு வருமா?

அப்புறம் அந்த டிரான்ஸ்போர்ட்காரர் வாயைத் திறந்தார். "எல்லா லேடீஸுக்கும் ஒரே நாள்ல வந்துட்டா லோடு எப்படி ஏத்துறது?" நான் பேனாவை வைத்துவிட்டேன். இதை எப்படி மினிட்ஸில் எழுதுவது? ஆனால் மேனேஜர் இதை சீரியஸாக எடுத்துக்கொண்டு யோசித்தார். யோசித்து, "அதுக்கு ஒரு சுழற்சி முறை வெக்கலாம்" என்றார். சுழற்சி முறை! ஐயா, அது ஏற்கனவே சுழற்சிதான், உங்கள் ரெஜிஸ்டரில் சுழலாது, அவ்வளவுதான்.

இதற்கிடையே சேச்சி ஒன்று சொன்னார். "ஃபார்ம் கை மாறிக் கை மாறிப் போனா, குடோன்ல லோடு தூக்குற பையன் வரைக்கும் யாருக்கு எந்த நாள்னு தெரிஞ்சிடும். அதுக்கு நான் வலியோடயே வேலை பாத்துட்டுப் போவேன்." அந்த அறையில் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "அது எழுதண்டா" என்றார். லோடு ஏற்றுகிற கவலை எழுதப்பட்டது. இது எழுதப்படவில்லை.

வலிக்கு அளவு வைக்கலாமே என்ற யோசனை அப்போதுதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? காலையிலிருந்து ராத்திரி வரை எட்டு மில்லி, ஏழு மில்லி என்று மில்லிமீட்டர் கணக்கில் சல்லடையில் காயைச் சலிக்கிறவர்கள், வலியையும் அதே மாதிரி சலித்து, பெரிய வலிக்கு லீவு, சில்லறை வலிக்கு வேலை என்று பிரித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

யாராவது இவர்களுக்குச் சொல்லுங்களேன். கர்ப்பப்பை தன் உள்சுவரைக் கழற்றித் தள்ளுவதற்காகச் சுருங்குகிறது. சுருங்கச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின் என்கிற ரசாயனம். அது அதிகமாகச் சுரக்கிறவர்களுக்கு வலி அதிகம். அது குடலையும் சேர்த்துப் பிடித்து ஆட்டுவதால்தான் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் எல்லாம். அந்த உள்சுவர் மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம், அதைக் கண்டுபிடிக்கவே பல பேருக்கு வருஷக்கணக்காகிறது, அதுவரை "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்பதுதான் மருந்து. 'லேசானது' என்ற கட்டத்துக்குள் இதில் எதை அடைப்பது?

மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டியதுதானே என்று ஒருத்தர் சொன்னார். போடுகிறோம் சாமி. மெஃப்டால் இல்லாத கைப்பை இந்தப் பக்கம் உண்டா? அதில் இருக்கிற மெஃபெனாமிக் அமிலத்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம், கவனியுங்கள் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 கடைசியில் எச்சரிக்கை விட்டது. நாங்கள் படித்தோம், தலையை ஆட்டினோம், ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்களுக்குப் பேர் தெரியாத மாத்திரையைக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்தார்கள் என்று 2019இல் செய்தி வந்ததே. அந்த மாதிரி நிர்வாகத்துக்கு மாத்திரை லீவைவிட மலிவு.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது கேரளா. பெருமை பேசுவதற்குக் கணக்கே இல்லாத ஊர். திருப்பூணித்துறை பெண்கள் பள்ளியில் 1912இலேயே ஆண்டுத் தேர்வு சமயத்தில் மாதவிடாய் வந்த பிள்ளைகளுக்கு லீவு கொடுத்து, பிறகு எழுத விட்டார்களாம். 2023இல் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆரம்பித்து வைக்க, மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாணவிகள் தேர்வெழுதத் தேவையான வருகைப்பதிவு 75 சதவீதத்திலிருந்து 73 ஆனது. 2024 கடைசியில் ஐடிஐ பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் என்று அறிவித்தார்கள். நல்லது, ரொம்ப நல்லது. ஆக, படிக்கிற வரைக்கும் வலிக்கலாம். படித்து முடித்து குமுளியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கர்ப்பப்பைக்கு அனுபவம் வந்து வலி நின்றுவிடும்.

பீகாரில் 1992இலிருந்து அரசு வேலையில் இருக்கிற பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் இருக்கிறது. ஆமாம், பீகாரில். நாம் வாயைத் திறந்தால் கிண்டல் பண்ணுகிற பீகாரில். அங்கே ஆபீஸெல்லாம் இழுத்து மூடிவிட்டார்களா என்ன?

"குடுத்தா எல்லாரும் மிஸ்யூஸ் பண்ணுவாங்க" என்று அடுத்த பாட்டு. ஜப்பானில் 1947இலிருந்து சட்டம் இருக்கிறது. அதை எடுக்கிற பெண்கள் அங்கே மிகமிகக் குறைவு. ஏன்? மேலதிகாரியிடம் போய்ச் சொல்லக் கூச்சம், சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். உலகம் முழுக்க நாங்கள் உரிமையையே எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம், இவர்களுக்கு மிஸ்யூஸ் கவலை.

கடைசி அஸ்திரத்தை மேனேஜர் எடுத்தார். "இப்படியெல்லாம் கேட்டா நாளைக்கு லேடீஸையே யாரும் வேலைக்கு எடுக்க மாட்டாங்க." கட்டாய விடுப்பு பெண்களை வேலையிலிருந்து ஒதுக்கிவிடக் கூடும், இது அரசு முடிவு செய்ய வேண்டிய கொள்கை விஷயம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொன்னது, அதை இவரும் எங்கேயோ படித்திருக்கிறார். நீதிபதிகள் கவலையில் சொன்னார்கள், சரி. இவர் சொன்னால் அது கவலையா? வேலைக்கு எடுக்கிறவரே இவர்தானே! யாரோ மூன்றாம் மனிதர் எடுக்க மாட்டார் என்பது போல, ஏதோ புயல் எச்சரிக்கை போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார். நீ எடுக்க மாட்டாய் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போயேன்! எடுக்காமல்தான் இருந்து பாரேன். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து காய் பொறுக்க, இந்தக் கூலிக்கு எந்த ஆம்பளை கம்பத்திலிருந்து ஜீப் ஏறி வருகிறான் என்று பார்ப்போம். 2015இல் மூணாறில் தேயிலை பறிக்கிற பெண்கள், நம்ம தமிழ்ப் பெண்கள்தான், பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று ரோட்டில் உட்கார்ந்தார்களே, அப்போது தெரிந்தது யார் இல்லாவிட்டால் எது நிற்கும் என்று. தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது அதற்குப் பிறகுதான்.

கூட்டம் முடிந்தது. படிவம் வந்தது. படித்துக்கொண்டே வந்து அடியில் பார்க்கிறேன், பொடி எழுத்தில் ஒரு வரி: 'மேற்படி விடுப்பு சம்பளமில்லா விடுப்பாகக் கருதப்படும்.'

அதாவது லீவு போட்டால் சம்பளம் கிடையாது. அதுதானே இத்தனை வருஷமும் இருந்தது! வராத நாளுக்குக் கூலி இல்லை என்று கூடலூர் அக்காவுக்கு யாராவது படிவம் அடித்துச் சொல்ல வேண்டுமா? முன்பு வயிறு வலித்தால் பேசாமல் வீட்டில் படுத்துக்கொண்டு கூலியை இழந்தோம். இப்போது தேதி சொல்லி, டிக் அடித்து, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக் கூலியை இழக்கலாம். பழம்பொரி செலவுதான் மிச்சம்.

அக்காவிடம் காட்டினேன். தமிழில்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "இதுக்கு அந்தக் கக்கூஸுக்கு ஒரு தாப்பாள் போட்டுத் தரச் சொல்லு" என்றார். குடோன் பின்னால் பெண்களுக்கென்று இருக்கிற ஒரே கக்கூஸ். தாழ்ப்பாள் உடைந்து கிடக்கிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் டிரம்மிலிருந்து மொண்டு கொண்டுபோக வேண்டும். டஸ்ட்பின் கிடையாது, காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டு மலையிறங்கி வீட்டுக்கே எடுத்துப் போக வேண்டும். மாடியில் டீ குடித்தவர்கள் யாருக்கும் இப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். எதிர்பார்க்கப்படும் தேதி: பின்னெ நோக்காம். வலியின் தன்மை: எட்டு மில்லிக்கு மேல். சூப்பர்வைசர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அந்த மனிதர் முழுசாகப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு ஃபைலில் சேர்த்துவிட்டார் என்று சேச்சி வந்து சொன்னபோது, இரண்டு பேரும் கணினியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்ததில் எனக்கு வயிறு இன்னும் கொஞ்சம் வலித்தது. இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

அப்புறம், மாடிப்படி பக்கத்தில் மாட்டியிருந்த என் குடையை எடுத்துக்கொண்டு போனவர் யாராக இருந்தாலும் சரி. கருநீலம், வெள்ளைப் புள்ளி, ஒரு கம்பி வளைந்தது. குமுளியில் வேலை பார்த்துக்கொண்டு அடுத்தவர் குடையை எடுக்கிறவர்களுக்கு நல்ல சாவே வராது. வளைந்த கம்பி கண்ணைக் குத்தும், பார்த்துப் பிடியுங்கள்.