நேயர் ஓட்டை மட்டும் எண்ணிப் போடும் டாப் 20 நிலைக்காது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமுதாய வானொலியிலோ இணைய வானொலியிலோ புது எலக்ட்ரானிக், இண்டி டான்ஸ் டிராக்குகளுக்கு வாராவாரம் தமிழில் ஒரு டாப் 20 நடத்த வேண்டும் என்று ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மைக் எது வாங்கலாம், மிக்ஸர் எது வாங்கலாம் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருபது இடங்களையும் எதை வைத்து எண்ணப் போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல் முதல் நிகழ்ச்சியை ஒலிபரப்பாதீர்கள்.

இங்கிலாந்தில் 1952 நவம்பர் 14 அன்று நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் இதழ் முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டபோது, சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி போட்டு, எது அதிகம் விற்றது என்று கேட்டுத்தான் எண்ணினார்கள். பன்னிரண்டு இடங்கள், சமநிலை வந்ததால் பதினைந்து பாட்டு. கணக்கு சிறியதுதான், ஆனால் உண்மையான கணக்கு. நம் ஊரில் பலரும் செய்வது வேறு. வாட்ஸ்ஆப் எண் ஒன்றைக் கொடுத்து ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். முதல் மாதம் அது களைகட்டும். இரண்டாவது மாதம், எந்தப் பாடகருக்குச் சொந்தக்காரர்கள் அதிகமோ அவர் முதலிடத்தில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கவே மாட்டார். மூன்றாவது மாதம் உண்மையாக இசை கேட்கிறவர்கள் போய்விடுவார்கள்.

ஆகவே மூன்று இடத்திலிருந்து எண்ணுங்கள். ஒன்று, டிஜேக்கள். பத்துப் பேரைப் பிடியுங்கள். ஒவ்வொருவரும் அந்த வாரம் உண்மையாகவே ஆடுதளத்தில் போட்ட பத்து டிராக்கை வரிசைப்படுத்தித் தரட்டும், முதலுக்கு 10 புள்ளி, கடைசிக்கு 1. இரண்டு, உங்கள் நிலையத்தின் மற்ற நிகழ்ச்சிகளில் அந்த டிராக் எத்தனை முறை ஒலித்தது. மூன்றாவதாகத்தான் நேயர் ஓட்டு. மூன்றின் எடை 50, 30, 20. மூன்றையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது, அளவுகோல் வேறு வேறு. ஒவ்வொன்றிலும் அந்த வாரம் அதிகம் பெற்றதை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஈடாக மாற்றுங்கள். ஒரு டிராக்குக்கு டிஜே புள்ளி 36, அந்த வார உச்சம் 60 என்றால் அது 60. அதில் பாதி 30. ஒலிபரப்பு 12 முறை, உச்சம் 16 என்றால் 75. அதில் 30 விழுக்காடு 22.5. ஓட்டு 90, உச்சம் 300 என்றால் 30. அதில் 20 விழுக்காடு 6. மொத்தம் 58.5. ஒரு கணக்குத்தாளில் நான்கு நெடுவரிசை போதும்.

யாராவது ஓட்டை அள்ளிக் கொட்டினாலும் அதிகபட்சம் 20 புள்ளிதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பொய் ஓட்டு உச்சமாக நிற்பதால் மற்ற எல்லார் ஓட்டும் சுருங்கிப்போகும். அதற்கு ஒரு எண்ணுக்கு வாரம் ஒரு ஓட்டு என்ற விதி வேண்டும். நள்ளிரவில் சில நிமிட இடைவெளியில் எழுத்துப்பிழை உட்பட ஒரே வாசகத்தில் நாற்பது செய்தி வந்தால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். எண்ணி முடித்ததும் தொலைபேசி எண்களை அழித்துவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலையிலிருந்து முழுமையாகச் செல்லுபடியாகிறது. நேயரின் எண்ணை வேறு எதற்கும் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை.

சின்ன நிலையத்தில் எண்ணிக்கை குறைவு என்பதால் பட்டியல் வாரத்துக்கு வாரம் தாறுமாறாகக் குதிக்கும். 3இல் இருந்த டிராக் 17க்கு விழும், அடுத்த வாரம் 5க்கு வரும். இதைத் தணிக்க இந்த வாரப் புள்ளியில் முக்கால் பங்கும் போன வாரப் புள்ளியில் கால் பங்கும் சேர்த்துக் கணக்கிடலாம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். புது வரவுக்குப் போன வாரப் புள்ளி பூஜ்யம், ஆகவே அதன் மதிப்பெண்ணில் கால் பங்கு காணாமல் போய்விடும். புதுப் பாட்டுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சியில் புதுப் பாட்டே நுழைய முடியாது. முதல் வாரம் மட்டும் முழுப் புள்ளி கொடுங்கள். பழசு நகராமல் உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு விதி வேண்டும். பில்போர்டு ஹாட் 100இல் நெடுங்காலம், 20 வாரம் கடந்த பாட்டு 50க்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடுவார்கள். நம் இருபது இடத்துக்கு, 10 வாரம் கடந்து 10க்குக் கீழே போனால் விடைகொடுப்பது சரியாக வரும்.

உலகெங்கும் புது வெளியீடுகள் 2015 ஜூலையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வருகின்றன. அதனால் எண்ணும் வாரத்தை வெள்ளி முதல் வியாழன் நள்ளிரவு வரை வைத்து, வெள்ளியன்று கூட்டி, சனிக்கிழமை ஒலிபரப்புவதுதான் பொருத்தம். ஒரே பாட்டின் ரீமிக்ஸ்களை மூலத்தோடு சேர்த்து எண்ணி, அதிகம் ஒலித்த வடிவத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பாட்டு மூன்று இடத்தைப் பிடித்துவிடும். விதிகள் எல்லாவற்றையும் எழுதி நிலையத்தின் பக்கத்தில் போட்டுவிடுங்கள். நடுவில் யாருக்காகவும் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் நான்கு வாரம் முன்பே ஒலிபரப்பில் சொல்லுங்கள்.

தமிழ் நிகழ்ச்சி என்பதால் தமிழ் டிராக் ஒன்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு எழும். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நிகழ்ச்சி தமிழ், பட்டியல் பொது. ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் வந்த பாட்டு என்று தெரிந்தால் நல்ல தமிழ் டிராக்குக்குக்கூட மதிப்புப் போய்விடும். பட்டியலுக்கு வெளியே 'வாசலில் நிற்பது' என்று வாரம் ஒரு டிராக் போடுங்கள். தமிழோ, சுலுவோ, ரியூனியன் தீவின் எலக்ட்ரோ மலோயாவோ, அங்கே கேட்டுப் பிடித்தால் நேயரும் டிஜேக்களும் உள்ளே தள்ளிவிடுவார்கள். அனுமதி வாங்காமல் சினிமாப் பாட்டுக்குக் கீழே ஒரு கிக் (இடிக்கும் டிரம் தட்டு) வைத்து அனுப்புகிறவர்களை மட்டும் வாசலிலும் நிற்க விடாதீர்கள்.

இனி நேரம். ஒரு மணி நேரத்தில் விளம்பரம், செய்தி போக 54 நிமிடம் என்று வையுங்கள். இருபதையும் போட முடியாது. 20 முதல் 11 வரை புது வரவும் பெரிய ஏற்றமுமாக நான்கு டிராக், தலா 2:30. ஆகப் பத்து நிமிடம். 10 முதல் 4 வரை ஏழு டிராக், தலா 2:45, 19:15. முதல் மூன்றும் தலா 4 நிமிடம், 12. வாசலில் நிற்பது 2:30. போடாத இடங்களைப் பின்னணி இசை மேல் வாசிக்க இரண்டு தடவை, தலா ஒரு நிமிடம். பேச்சு 14 தடவை, தலா அரை நிமிடம், ஏழு. மொத்தம் 52:45. மிச்சம் 1:15 கையிருப்பு, அதைத் தொடாதீர்கள். அரை நிமிடப் பேச்சுக்கு ஐம்பது சொல் எழுதினால் போதும், தமிழ்ச் சொல் நீளமானது.

தளத்தில் ஆடவைத்துப் பழகிய டிஜே பட்டியல் நிகழ்ச்சிக்கு வந்ததும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தளத்தில் வரிசை அவர் கையில். இங்கே வரிசை கணக்கின் கையில். 9இல் 112 பிபிஎம் (நிமிடத்துக்கு 112 தட்டு) அமபியானோ என்ற தென்னாப்பிரிக்க ஹவுஸ் இசை, 8இல் 126 பிபிஎம்மில் நம் டர்பனில் பிறந்த டான்ஸ் இசையான கொம், 7இல் 174இல் ஓடும் டிரம் அண்ட் பேஸ் என்று வந்து நிற்கும். 112ஐ 126க்கு இழுத்தால் 12.5 விழுக்காடு, சுருதி மாறாமல் பூட்டி வைத்தாலும் 6 விழுக்காட்டைத் தாண்டினால் குரல் தகரம்போல் ஆகிவிடும். பீட்டைப் பொருத்தப் பார்க்காதீர்கள். முடிகிற டிராக்கின் கடைசிச் சொல்லையோ தட்டையோ எக்கோவில் விட்டு அடக்குங்கள், தாளம் இல்லாத நான்கு விநாடி நிலைய ஒலியைப் போடுங்கள், பிறகு பேசுங்கள். உங்கள் பேச்சுத்தான் பாலம். இரண்டு டிராக்கும் 4 விழுக்காட்டுக்குள் நின்றால் மட்டும் கலந்து காட்டலாம்.

பேச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லும். ஒரு பார் என்பது நான்கு தட்டு; 124 பிபிஎம்மில் 16 பார் முன்னிசை 31 விநாடி. 112இல் அதே 16 பார் 34 விநாடி. 28 விநாடிக்கு எழுதிக்கொண்டு, கிக் விழுவதற்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்துங்கள். கிக் விழுந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பது அந்தப் பாட்டை உருவாக்கியவருக்குச் செய்யும் அவமரியாதை.

கொம் டிராக் மேல் பேசும்போது குரல் உள்ளே வெளியே போய்வருவதாக நேயர் புகார் சொல்வார்கள். மைக்கில் குறை இருக்காது. அடிவயிற்றில் இடிக்கும் அந்தக் கீழ்ப் பேஸ் 60 ஹெர்ட்ஸுக்கும் கீழே ஓடுகிறது. ஒவ்வொரு இடிக்கும் வெளியேறும் வழியிலுள்ள லிமிட்டர் மொத்த ஒலியையும் அமுக்குகிறது, உங்கள் குரலும் சேர்ந்து அமுங்குகிறது. பேசும் நேரம் மட்டும் டிராக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 12 முதல் 15 டெசிபல் இறக்குங்கள். குரலில் 80க்குக் கீழே வெட்டுங்கள். பேச்சு முடிந்து பேஸ் திரும்ப வரும்போது அதுவே ஒரு அழகு. டிராக்குகளின் சத்த அளவையும் முன்கூட்டியே சமன் செய்ய வேண்டும். தளத்துக்காக மாஸ்டர் செய்தது மைனஸ் 7 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் இருக்கும், மெல்லிய இண்டி டிராக் மைனஸ் 14. இணைய ஒலிபரப்புக்கு எல்லாவற்றையும் மைனஸ் 16க்கு இறக்குங்கள். இறக்குவது கெயினால் மட்டும்; கம்ப்ரஸர் வேண்டாம்.

கொம் பரவியதே வாட்ஸ்ஆப்பிலும் மினிபஸ் டாக்ஸிகளிலும்தான். ஆகவே ஒரே டிராக் நான்கு பெயரில், மாஸ்டர் ஆகாமல் வந்து சேரும். அனுப்புகிறவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த கோப்பை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 320 கேபிபிஎஸ் தரம் என்று பெயர் போட்டிருந்தும் படம் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது பெரும்பாலும் 128இலிருந்து ஊதிப் பெருக்கியது. திருப்பி அனுப்பி மூலக் கோப்பைக் கேளுங்கள். சுலு கொச்சை தெரிந்த ஒருவர் வரிகளை ஒருமுறை கேட்ட பிறகே ஒலிபரப்புங்கள்.

பெயர் உச்சரிப்பில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் மனதை வருத்துகிறது. 'கொம்' என்று நான் எழுதுவது தமிழில் எழுத வழியில்லாததால். அந்த இசையின் பெயரிலேயே ஒரு சொடுக்கொலி இருக்கிறது: நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் வரும் 'டக்'. சுலுவில் சொடுக்கு மூன்று. நாம் 'அடப்பாவமே' என்று உச்சுக் கொட்டும் ஒலி ஒன்று, இந்த 'டக்' இரண்டாவது, மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்பும் ஒலி மூன்றாவது. மூன்றும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, சுலு பேசும் நண்பரிடம் சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் காவடிக்கு உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு, நான்கு தட்டும் சமமாக விழாத கொம் அந்நியமில்லை. உம்லாசியில் பிறந்த பிளாக் காஃபி 2022இல் கிராமி வாங்கியதும், டிஜே லாக் இந்த டர்பனிலிருந்தே கொம்மை உலகுக்குக் கொண்டுபோனதும் நம் ஊர்ச் செய்திகள். அவற்றை அக்கம்பக்கத்துச் செய்தியாகவே சொல்லுங்கள்.

மின்சாரம் திடீரென்று போவது பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மடிக்கணினிக்கு பேட்டரி இருப்பதால் தைரியமாக இருப்பார்கள். ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்தால் ஒலிபரப்பும் அணையும். அந்த இரண்டுக்கும் சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று, நிகழ்ச்சியின் பதிவு செய்த பிரதி ஒன்று நிலையத்தின் கணினியில், அவ்வளவுதான்.

ஒலித்த ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, கலைஞர், இசையமைத்தவர், ஒலித்த நேரம், அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீடு ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள், பதினைந்து விநாடித் துண்டானாலும் சரி. இசையமைத்தவருக்குச் சேர வேண்டியது சாம்ரோ என்ற உரிமைத்தொகை அமைப்பு வழியாக, பாடியவருக்கும் பதிவு உரிமையாளருக்கும் சேர வேண்டியது சாம்ப்ரா என்ற அமைப்பு வழியாகப் போகிறது. தாளில் பெயர் இல்லையென்றால் பணமும் இல்லை. உம்லாசியில் படுக்கையறையில் டிராக் செய்யும் பையனுக்கு உங்கள் நிகழ்ச்சி செய்யும் உருப்படியான உதவி இந்தத் தாள்தான். உள்நாட்டு இசைக்கு, ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் இகாசா விதித்த பங்கை நிலையம் காட்டும்போதும் இதே தாளைத்தான் கேட்பார்கள். பங்கு குறைந்தால் மற்ற நிகழ்ச்சிகளில் ஈடுகட்டுங்கள், பட்டியலில் கை வைக்காதீர்கள்.

முதலிடத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 59:00க்கு முடிக்க வேண்டும், விடைபெற 20 விநாடி, பாட்டு 4 நிமிடம் என்றால் அது 54:40க்குத் தொடங்கியாக வேண்டும். இரண்டாம் இடம் முடிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். 54:10 காட்டினால் முப்பது விநாடி பேசலாம். 54:35 காட்டினால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஃபேடரைத் தூக்குங்கள்.